அம்மாவின் தூக்கமும் 32767 பாகையும்

என் மேசைக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் இடையில் ஆறடி தூரம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் உள்ள தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் இதைவிட அதிக தூரம் வேண்டுமென்றால் வாடகையும் அதற்கேற்பக் கூடும். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, சத்தியக் கடதாசி என்று பகலில் வந்து சேருபவற்றை இரவில் மொழிபெயர்க்கிறேன். பகல் முழுவதும் தொலைபேசி விடாது. பத்து மணிக்குப் பிறகுதான் எனக்கு வேலை ஓடும். அம்மா படுப்பதும் அந்தப் பத்து மணிக்குத்தான்.

என்னிடம் இருப்பது திங்க்பேட் டி430. 2012 ஆம் ஆண்டு மாதிரி, இன்டெல் கோர் ஐ5-3320எம் ப்ராசஸர். பம்பலப்பிட்டியில் பழைய கணினிகள் விற்கும் கடையொன்றில் வாங்கியது. நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவளுக்கு விசைப்பலகைதான் முக்கியம். இந்த விசைப்பலகையில் விரல் இறங்கும் ஆழம் இப்போது வரும் மெல்லிய கணினிகளில் இல்லை. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய ப்ராசஸரை ஏற்காது என்று தெரிந்ததும் நான் கணினியை மாற்றவில்லை, இயங்குதளத்தை மாற்றினேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12. என் வேலைக்கு லிப்ரே ஆஃபிஸ் போதும். பழைய வாடிக்கையாளர்கள் இன்னமும் பாமினி எழுத்துருவில் அனுப்பும் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்ற ஒரு சிறு நிரல் இருக்கிறது. வேறு தேவை எனக்கில்லை.

குறை ஒன்றே ஒன்று: விசிறி. கணினியைத் திறந்ததும் எழும் இரைச்சல் மூடும்வரை ஓயவில்லை. பெரிய சத்தம் அல்ல. தலைக்கு மேல் சுற்றும் கூரை விசிறியின் சத்தம் அதைவிடப் பெரியது. ஆனால் அது தடித்த குரல், இது கீச்சுக்குரல். ஸ்கான் செய்த உறுதி ஒன்றைத் திறந்தால் இன்னும் ஒரு படி ஏறிக் கத்தும். அதை அடக்கிக் காட்டுகிறேன் என்று பெப்ரவரி மாதத்தில் ஓர் இரவு இறங்கினேன். அடக்கி முடிக்க ஏப்ரல் ஆயிற்று. நடுவில் செய்த முட்டாள்தனங்கள்தான் இந்தப் பதிவின் பெரும்பகுதி.

முதலில் ஒன்று புரிந்தது. விசிறியை ஓட்டுவது லினக்ஸ் அல்ல. மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று தனியாக ஒரு சிறு சிப் இருக்கிறது. விசைப்பலகை, பற்றரி, விசிறி எல்லாம் அதன் பொறுப்பு. இயங்குதளம் எதுவும் சொல்லாவிட்டால் அது தன் போக்கில் வெப்பத்தைப் பார்த்து விசிறியை ஓட்டும். இயங்குதளம் செய்யக்கூடியது அதனிடம் வேண்டுகோள் வைப்பது மட்டும்தான். திங்க்பேட்டில் அந்த வேண்டுகோளைக் கொண்டுபோய்க் கொடுப்பது திங்க்பேட் ஏசிபிஐ என்ற மொட்யூல், அதாவது லினக்ஸின் மையமான கெர்னலோடு சேரும் ஒரு சிறு நிரல்துண்டு.

லினக்ஸில் எல்லாவற்றையும் கோப்பாகக் காட்டுவது வழக்கம் அல்லவா? விசிறியும் ஒரு கோப்புதான். ப்ரோக் என்ற அடைவுக்குள் ஏசிபிஐ, அதற்குள் ஐபிஎம், அதற்குள் ஃபேன். திங்க்பேட் வணிகம் லெனோவோவிடம் போனது 2005 இல். மொட்யூலின் பெயரும் பிறகு மாறிவிட்டது. அந்த அடைவுக்கு மட்டும் இன்றுவரை ஐபிஎம் என்றே பெயர். ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்று பலகையில் எழுதியிருக்கும் வீதியை டூப்ளிகேஷன் வீதி என்றே சொல்லிப் பழகிய கொழும்புக்காரிக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

அந்தக் கோப்பைத் திறந்தால் மூன்று வரிகள் இருந்தன. ஸ்டேட்டஸ்: எனேபிள்ட். ஸ்பீட்: 3512. லெவல்: ஆட்டோ. ஒரு நிமிடத்துக்கு 3512 சுற்று. கணினி அப்போது செய்துகொண்டிருந்த ஒரே வேலை, அந்த மூன்று வரிகளை எனக்குக் காட்டுவது. சென்சர்ஸ் என்ற கட்டளையில் வெப்பநிலை 49 பாகை.

லெவலை மாற்ற முயன்றேன். அனுமதி இல்லை என்றது. நிர்வாகி அதிகாரம் தரும் சுடோ என்ற கட்டளையை முன்னால் போட்டேன், மீண்டும் அனுமதி இல்லை. இந்த இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பூட்டுகள் இருந்தன. இரண்டும் ஒரே பதிலைச் சொல்வதால் ஒரே பூட்டு என்று நினைத்து ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். முதலாவது, சுடோ போட்டு, கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் எக்கோ என்ற கட்டளையை எழுதி அம்புக்குறியால் கோப்புக்குள் தள்ளினால், எக்கோதான் நிர்வாகி அதிகாரத்தில் ஓடும். கோப்புக்குள் எழுதும் கை சாதாரணப் பயனருடைய கையாகவே இருக்கும். எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக சுடோ டீ என்ற கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் டி வடிவ மூட்டிலிருந்து வந்த பெயர் அது. தேநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது பூட்டு, மொட்யூல் தானாகவே போட்டுவைத்திருப்பது. விசிறியைப் பயனர் நிறுத்திவைத்துக் கணினியைக் கருக்கிவிடக் கூடாதே என்று, விசிறிக் கட்டுப்பாடு இயல்பாகவே மூடப்பட்டிருக்கும். ஃபேன் கன்ட்ரோல் என்ற தெரிவுக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து, மொட்யூல்களை ஏற்றும் மோட்ப்ரோப்பின் அமைப்புகளுக்குள் ஒரு வரி எழுதிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்க வேண்டும்.

தொடங்கிவிட்டு அதே கோப்பைத் திறந்தேன். மூன்று வரிகளுக்குக் கீழே புதிய வரிகள் முளைத்திருந்தன. லெவலுக்கு 0 முதல் 7 வரை கொடுக்கலாம். ஆட்டோ என்றும் கொடுக்கலாம். டிஸ்எங்கேஜ்ட் என்று இன்னொன்றும் இருந்தது. பெயரைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் கொடுத்துப் பார்க்கத் தோன்றியது. வேகத்தைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் வேலையை எம்பெடட் கன்ட்ரோலர் கைவிட, விசிறி தன்னால் முடிந்த உச்சத்துக்கு ஓடும் நிலை அது.

"பிள்ளை, இந்த நேரத்தில் யார் மாவரைக்கிறது?" என்றார் அம்மா.

உடனே ஆட்டோவுக்குத் திருப்பினேன். பிறகு 0 கொடுத்தேன். விசிறி நின்றது. மரைன் டிரைவுக்கு அப்பால் கடல் இரைவது கேட்டது. அந்தக் கணத்தில் நான் மனதுக்குள் முடிவு செய்தது: இந்த மௌனம்தான் எனக்கு வேண்டும். தவறான முடிவு என்று தெரியவர இரண்டு மாதம் ஆயிற்று.

எப்போதும் 0 இல் விட முடியாது. வெப்பத்தைப் பார்த்து லெவலை மாற்ற ஒருவர் வேண்டும். அதற்குத் திங்க்ஃபேன் என்ற சிறு நிரல் டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதற்கு ஓர் அமைப்புக் கோப்பு எழுத வேண்டும். எழுதத் தெரியாததால் தம்பியிடம் கேட்டேன். அவன் டொரொன்டோவில் இருக்கிறான். அவனிடமும் டி430 இருக்கிறது. சொல்லப்போனால் இந்தக் கணினியை வாங்கு என்று எனக்குச் சொன்னவனே அவன்தான். எனக்கு இரவு பதினொன்றரை என்றால் அவனுக்குப் பகல் ஒரு மணி.

"என்னுடைய கோப்பையே அனுப்புகிறேன் அக்கா. அப்படியே போடுங்கள். எனக்கு இரண்டு வருடமாக விசிறிச் சத்தமே கிடையாது."

கோப்பு வந்தது. ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள். முதல் எண் லெவல். இரண்டாவது, வெப்பம் இதற்குக் கீழே இறங்கினால் முந்திய லெவலுக்குப் போ என்பது. மூன்றாவது, இதைத் தொட்டால் அடுத்த லெவலுக்கு ஏறு என்பது. தம்பியின் முதல் வரி: 0, 0, 52. அடுத்தது: 1, 50, 56. இப்படியே ஏறிக் கடைசி வரி: 7, 63, 32767.

32767 பாகை! சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5500 பாகைதான். வெள்ளவத்தையில் ஏப்ரல் மாத மதியம் சில வேளை அப்படித் தோன்றினாலும், கொஞ்சம் அதிகம். கேட்டதற்கு, கூட்டல் கழித்தல் குறிக்கும் இடம் விட்டுப் பதினாறு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது, இதற்கு மேல் ஏற இடமில்லை என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள் என்றான்.

கோப்பைப் போட்டேன். சேவையைத் தொடங்கினேன். மௌனம். அரை நிமிடத்துக்குப் பிறகு ஒரு சிறு கிர்ர், அதைத் தொடர்ந்து இரைச்சல். இன்னும் அரை நிமிடத்தில் இரைச்சல் அடங்கி மௌனம். மறுபடி கிர்ர். காணி உறுதியொன்றில் வடக்கு எல்லையை மொழிபெயர்த்துத் தெற்கு எல்லைக்கு வருவதற்குள் மூன்று தடவை. மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன்: ஒரு நிமிடமும் சில விநாடிகளும் ஒரு சுற்று. அம்மா புரண்டு படுத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். "யார் கதவைத் திறந்து திறந்து மூடுகிறது?"

தம்பியின் கணினியில் ஏன் இப்படி இல்லை? இரண்டும் ஒரே மாதிரி, ஒரே ப்ராசஸர், ஒரே கோப்பு. எண்களை எழுதி ஒப்பிட்டோம். வேலை இல்லாமல் சும்மா இருக்கும்போது, விசிறி ஓடாமலே, அவனுடைய கணினி 44 பாகையில் நிற்கிறது. என்னுடையது 52 ஐத் தொட்டும் ஏற முனைகிறது. அறை வெப்பநிலையைக் கேட்டேன். வெளியே பனி, உள்ளே ஹீட்டர் போட்டு 20 பாகை என்றான். என் சுவரில் தொங்கும் வெப்பமானி 31 காட்டியது. அவன் 20 இலிருந்து 24 பாகை ஏறி 44 இல் நிற்கிறான். நான் 31 இலிருந்து அதே 24 ஐ ஏறினால் 55. அவனுடைய கோப்பின் முதல் எல்லை 52. அதாவது அவனுடைய கணினி ஒருபோதும் எட்டாத இடம், என் கணினிக்கு நின்று இளைப்பாறும் இடத்துக்கும் கீழே இருக்கிறது. எந்த விசிறியாலும் ப்ராசஸரை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. குளிர் நாட்டு மேசையில் எழுதிய எண்களை இங்கே கொண்டுவந்து போட்டால் இதுதான் நடக்கும். அவன் செய்த பிழை ஒன்றுமில்லை. பார்க்காமல் போட்டது நான்.

ஏறும் எல்லைக்கும் இறங்கும் எல்லைக்கும் நடுவில் அவன் விட்டிருந்தது வெறும் 2 பாகை. எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. தண்ணீர் ஓர் அடையாளத்துக்குக் கீழே போனால் மோட்டார் ஓடும், இன்னோர் அடையாளத்தைத் தொட்டால் நிற்கும். இரண்டு அடையாளங்களையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்தால் எந்த வீட்டில் யார் கை கழுவினாலும் மோட்டார் எழும்பி ஓடும். ஆகவே அடையாளங்களைத் தள்ளி வைத்தேன். 60 க்குப் போனால்தான் விசிறி ஓட வேண்டும், 47 க்கு வந்தால்தான் நிற்க வேண்டும். சுற்று நீண்டது. நான்கைந்து நிமிட மௌனம். பிறகு 60 இலிருந்து 47 வரை இறக்க வேண்டியதால் நீண்ட இரைச்சல். அம்மா இப்போது நிமிடத்துக்கு ஒரு தடவை புரளவில்லை. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை விழித்தார். முன்னேற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒரு நாள் கெர்னல் புதுப்பிப்பு வந்தது. போட்டுவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினேன். அன்றிரவு விசிறி ஓடவே இல்லை. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. அம்மா அசையாமல் தூங்கினார். புதிய கெர்னல் ஏதோ புண்ணியம் செய்திருக்கிறது என்று மகிழ்ந்து, அடுத்த நாளுக்கான பழைய உறுதி ஒன்றை எடுத்தேன். நாற்பது பக்கம், ஸ்கான் செய்தது, பாதி தமிழ், பாதி சிங்களம். டெசரெக்ட் என்ற எழுத்துணரி நிரல் இரண்டையும் வாசிக்கும். தப்புத் தப்பாக வாசிக்கும் என்றாலும் தட்டச்சில் பாதி வேலை மிச்சம். அதை ஓடவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பிவந்து கையை வைத்தால் விசைப்பலகையின் இடது பக்கம் சுடுகிறது. தட்டிய எழுத்து ஒரு விநாடி கழித்துத் திரையில் விழுகிறது. சென்சர்ஸ் என்று தட்டினேன். 104 பாகை.

இந்த ப்ராசஸரின் எல்லை 105. அதைத் தொட்டால் எரிந்துவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கெர்னல் பதிவேட்டைப் பார்த்தபோது, வெப்பம் எல்லையைத் தாண்டியது, வேகம் குறைக்கப்பட்டது என்ற பொருளில் வரிசையாக வரிகள் விழுந்திருந்தன. ஆட்டோ என்று எழுதிக் கோப்புக்குள் தள்ளினேன். விசிறி உயிர்த்தெழுந்தது. அம்மாவும்தான்.

நடந்தது இது. லினக்ஸில் வெப்பமானிகளுக்கு ஹெச்டபிள்யூமொன் என்ற பெயரோடு ஓர் எண் கொடுக்கப்படுகிறது: ஹெச்டபிள்யூமொன்3, ஹெச்டபிள்யூமொன்4 என்று. கணினி தொடங்கும்போது, வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்களில் எது முதலில் வந்து வரிசையில் நிற்கிறதோ அதற்கு முதல் எண். அது நிரந்தர இலக்கமே அல்ல. வங்கியில் கிழித்துத் தரும் டோக்கன். என் கோப்பில் 4 என்று எழுதியிருந்தேன். நேற்றுவரை 4 ப்ராசஸர். அன்று 4 வைஃபை அட்டை. வைஃபை அட்டை 46 பாகையில் சுகமாக இருந்தது. திங்க்ஃபேன் அதைப் பார்த்து, எல்லாம் நலம், விசிறி தேவையில்லை என்று விடிய விடிய முடிவு செய்துகொண்டிருந்திருக்கிறது.

இதைத் தடுக்க ஒரு காவல் இருப்பதாக நினைத்திருந்தேன். மொட்யூலில் வாட்ச்டாக் என்று ஓர் ஏற்பாடு உண்டு: குறித்த நேரத்துக்குள், அதிகபட்சம் 120 விநாடிக்குள், யாரிடமிருந்தும் கட்டளை வராவிட்டால் விசிறியைக் கன்ட்ரோலரிடமே திருப்பிக் கொடுத்துவிடும். திங்க்ஃபேன் செத்துப்போனால் அது காப்பாற்றும். ஆனால் திங்க்ஃபேன் சாகவில்லை, விழிப்பாகத்தான் இருந்தது. காவற்காரன் உறங்கவில்லை, பக்கத்து வீட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

திருத்தம் சிறியது. எண்ணை எழுதாமல் பெயரை எழுத வேண்டும். ஹெச்டபிள்யூமொன் அடைவின் பாதையைக் கொடுத்து, அதற்கடியில் பெயர் கோர்டெம்ப் (ப்ராசஸரின் வெப்பமானிக்குரிய பெயர்) என்றும், எத்தனையாவது வெப்பமானிகள் என்றும் குறித்துவிட்டால் எண் எங்கே ஓடினாலும் திங்க்ஃபேன் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒரு வெப்பமானியை மட்டும் நம்பாமல் மூன்றைக் கொடுத்தேன். அவற்றுள் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். இதைப் படித்துவிட்டு வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைப் பாருங்கள். உங்கள் கோப்பில் ஹெச்டபிள்யூமொன்னுக்குப் பின்னால் ஓர் எண் இருந்தால் அடுத்த புதுப்பிப்பு வரை மட்டுமே அது உண்மை.

பயந்துபோய் அடுத்த சனிக்கிழமை கணினியைத் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். காலி வீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருப்பவர். விசிறியைக் கழற்றி, செம்புத் தகடுகளுக்கு முன்னால் படிந்திருந்ததைத் துளாவி எடுத்துக் காட்டினார். ஃபெல்ட் துணி போல ஒரு துண்டு. தூசு, பஞ்சு, கடற்காற்று கொண்டுவந்த ஈரப்பசை எல்லாம் சேர்ந்து இறுகிய சாம்பல்நிறத் துண்டு. "கடற்பக்க வீடா மிஸ்?" என்றார். ஆம் என்றேன். யன்னல் கீல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை துருப்பிடித்து இறுகும் வீட்டில் கணினி மட்டும் எப்படித் தப்பும்? ப்ராசஸரின் மேல் இருந்த வெப்பப் பசையும் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. புதிதாகப் பூசிக் கொடுத்தார். வெப்பம் 7 பாகை குறைந்தது. எல்லாப் பழியும் அந்தத் துண்டுக்குத்தான் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகும் விசிறி நின்று நின்றுதான் ஓடியது. இடைவெளிதான் இன்னும் நீண்டது. பத்து நிமிட மௌனம், மூன்று நிமிட இரைச்சல். அம்மா ஒவ்வொரு தடவையும் விழித்தார். சத்தம் தொடங்கும்போது ஒருமுறை. நான் கவனிக்கத் தவறியிருந்த ஒன்று: அது நிற்கும்போதும் ஒருமுறை.

ஏப்ரலில், புதுவருடத்துக்கு முந்திய வாரத்தில், ஓர் இரவு ஒன்றரை மணிக்கு மின்சாரம் போயிற்று. எங்கள் வரிசைக் கட்டடங்கள் மட்டும், கோளாறு எங்கோ. கூரை விசிறி மெல்ல மெல்லச் சுழன்று நின்றது. அது முழுதாக நிற்பதற்குள் அம்மா கண் விழித்து, "கரண்ட் போய்விட்டதா பிள்ளை?" என்றார். அடுத்த அறையில் கதவு திறந்தது. கீழ்மாடியில் யாரோ இருமினார்கள். எதிர்க் கட்டடத்தில் ஒரு யன்னல், பிறகு இன்னொன்று. சத்தம் போட்டு எழுப்பியது போலத் தெரு முழுவதும் விழித்துவிட்டது. சத்தம் எதுவும் போடப்படவில்லை. நின்ற சத்தந்தான் எழுப்பியது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில் இதே தெருவில் எத்தனை இரவு இப்படி விழித்துக் கிடந்தோம். ஒருமுறையாவது இதை யோசித்தேனா?

அம்மா எழுபத்து நான்கு வயதுவரை விசிறிச் சத்தத்துக்குக் கீழேயே தூங்கியவர். அவருக்குச் சத்தம் எதிரி அல்ல. நான் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த மௌனத்தை அவர் கேட்கவே இல்லை. பற்றரியில் ஓடிக்கொண்டிருந்த என் கணினியின் விசிறி அப்போது தன் இரைச்சல் சுற்றின் நடுவில் இருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நிமிடத்தில் அது நின்றதும், "அதுவும் போய்விட்டதா?" என்றார்.

மின்சாரம் வருமுன்பே, பற்றரி வெளிச்சத்தில், கோப்பை முழுதாக அழித்துப் புதிதாக எழுதினேன். மூன்றே வரிகள்.

2, 0, 66.

4, 58, 75.

7, 68, 32767.

லெவல் 0 கிடையாது, 1 உம் கிடையாது. கணினி விழித்திருக்கும் நேரமெல்லாம் விசிறி 2 இல் ஓடும். ஒருபோதும் நிற்காது. 2 இல் அதன் குரல் கூரை விசிறியின் குரலுக்குள் அடங்கிவிடுகிறது. காதை அருகில் கொண்டுபோனால்தான் பிரித்தறியலாம். தட்டச்சு செய்யும்போது வெப்பம் 48க்கும் 51க்கும் நடுவில் நிற்கிறது. 66 ஐத் தொட டெசரெக்ட் போன்ற முரட்டு வேலை வேண்டும். அப்படி ஏறினாலும் 58 வரை இறங்கிய பிறகுதான் லெவல் குறையும். மூன்று வரிகளாக வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. ஏழு படிகள் வைத்தால் ஏழு இடங்களில் குரல் மாறும். எத்தனை படி குறைவோ அத்தனை மாற்றம் குறைவு.

கூடவே இன்னொன்று செய்தேன். இந்த ப்ராசஸரின் இயல்பான வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ். அவசரம் என்று தோன்றினால் டர்போவில் 3.3 வரை பாயும். ஒரு பக்கத்தைத் திறக்கவும் பாயும், ஒரு கோப்பைச் சேமிக்கவும் பாயும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் வெப்பம் பத்துப் பாகை துள்ளும். ப்ராசஸரின் வேகத்தை ஆளும் இன்டெல் பிஸ்டேட் அடைவில் நோ டர்போ என்ற கோப்பில் 1 என்று எழுதினால் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க 2.6 தாராளம். டெசரெக்ட் மட்டும் கொஞ்சம் மெதுவாகிறது. ஆகட்டும், எனக்குத் தேநீர் குடிக்க நேரம் கிடைக்கிறது.

திங்க்பேட் இல்லாதவர்களுக்கு இவ்வளவையும் சொல்லிப் பயனில்லை என்பது தெரியும். முதலில், கணினியில் உள்ள வெப்பமானிகளைத் தேடும் சென்சர்ஸ் டிடெக்ட்டை ஓடவிட்டு, ஹெச்டபிள்யூமொன் அடைவுகளில் பிடபிள்யூஎம்1 என்று கோப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதிர்ஷ்டசாலி. 0 முதல் 255 வரை எழுதி வேகத்தை மாற்றலாம்; பக்கத்தில் எனேபிள் என்று முடியும் கோப்பில் 1 என்றால் உங்கள் கட்டுப்பாடு, பெரும்பாலும் 2 என்றால் கணினியின் கட்டுப்பாடு. பிடபிள்யூஎம்கான்ஃபிக், ஃபேன்கன்ட்ரோல் என்ற இரண்டு நிரல்களும் அதற்கானவை. டெல் கணினிகளுக்கு ஐ8கே பெயரில் கருவிகள் உண்டு. பல மடிக்கணினிகளில் எதுவுமே தெரியாது; கன்ட்ரோலர் யாருக்கும் கதவு திறக்காது. அப்படியானால் டர்போவை நிறுத்துவதும் தூசு தட்டுவதும்தான் மிச்சம். எதைச் செய்தாலும், அந்த அமைப்பை எழுதியவர் எந்த ஊரில் இருந்து எழுதினார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் ஒரு வாரம் கழித்துக் கேட்டேன், இப்போது எப்படித் தூங்குகிறீர்கள் என்று. நான் எப்போது தூங்காமல் இருந்தேன் என்று கேட்டார்.

ஜூலையில் ஒரு நாள் தம்பியிடமிருந்து செய்தி. டொரொன்டோவில் நான்கு நாளாக வெயில் கொளுத்துகிறது, ஏசி பழுது, அறைக்குள் 32 பாகை, கணினியின் விசிறி நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று நின்று ஓடுகிறது, பிள்ளைகள் தூங்கவில்லை.

"அக்கா, உங்கள் கோப்பை ஒருக்கால் அனுப்புங்கள்."

அனுப்பினேன். ஹெச்டபிள்யூமொன்னுக்குப் பக்கத்தில் எண் இல்லையே என்று நினைத்து எதையும் எழுதிவிடாதே, பெயர் இருக்கிறது, அது போதும் என்று மட்டும் கீழே சேர்த்தேன்.